பின் சீட்டிலிருந்து தெரிந்த கடல்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மோட்டார் சைக்கிள் கிளப்பின் கூட்டம் எங்கள் வீட்டில். என் புருஷன் தினோவின் வெல்டிங் பட்டறையில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் நாங்கள் அடுப்படியில் பன்சிட் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தோம். ஈஸ்டர் முடிந்த வாரம் வருடாந்தரக் கடலோரச் சவாரி. பாதை ஒன்றும் புதிதில்லை, வருஷா வருஷம் போவதுதான். இருந்தும் என்னவோ நாட்டுக்குப் பட்ஜெட் போடுகிற மாதிரி பேசினார்கள்.

கிளப்புக்குப் பாதை போடுவதும் முன்னால் போவதும் போனிதான். இந்த பங்க்கில் பெட்ரோல், அந்த பங்க்கில் காற்று, பகுட்புட் ஊரில் சாப்பாடு, உடனே திரும்பு. அவ்வளவுதான் அவன் பாதை. தட்டைக் கொடுக்கப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"பகுட்புட்டோட ஏன் நிக்கணும்? மலையைச் சுத்திக் கிளாவெரியா வரைக்கும் போனா கடல் கூடவே வருமே. நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி நல்லாப் பார்க்கலாமே" என்றேன்.

போனி முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னான்: "அக்கா, பன்சிட் பிரமாதம். ஆனா பின் சீட்டுக்கு ஓட்டு கிடையாது."

பட்டறையே சிரித்தது. தினோவும் சிரித்தான். அவன் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்டது. கட்டின புருஷன்!

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டில் போய் வருகிறேன். கடல் எங்கே பச்சை, எங்கே நீலம், எந்த வளைவில் திடீரென்று காலடியில் வந்து நிற்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்? பள்ளம் தெரியும். போலீஸ் நிற்கிற இடம் தெரியும்.

பிப்ரவரி 10

உப்புப் போடாமல் குழம்பு வைத்தேன். ஏன் என்று கேட்பான், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். கேட்காமல் தின்றுவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் போனியை மடக்கினேன். ஒரு பெண் பாதை போட்டால் கிளப் என்ன கடலில் விழுந்துவிடுமா என்று கேட்டேன்.

"சட்டம் ஒண்ணுதான் அக்கா. பாதை போடறவங்க அந்தப் பாதையை முழுசா சொந்தக் கையால ஓட்டியிருக்கணும். முன்னாலயும் அவங்கதான் போகணும்."

"அப்ப ஓட்டறேன்."

"எதுல? அந்த ரொட்டி வண்டியிலயா?"

எங்கள் பசுகின் ஊரில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். என் பேக்கரியில் ரொட்டி வாங்குகிறவர்கள்தான் எல்லாரும். "ஆமாய்யா, ரொட்டி வண்டியிலதான்" என்றேன்.

சொல்லியாயிற்று. என் ஸ்கூட்டர் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. பின்னால் சீட்டுகூடக் கிடையாது. அங்கே ரொட்டிப் பெட்டி கட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தினோ குதித்தான். "மலைப் பாதைடி அது. லாரி வரும். நீ விழுந்து வச்சா யாரு ரொட்டி சுடறது?"

"உனக்குக் கவலை ரொட்டிக்கா, எனக்கா?"

பட்டறைக்குள் போய் எதையோ தட்ட ஆரம்பித்துவிட்டான். இந்த மனுஷனிடம் நல்ல கேள்வி கேட்டால் சுத்தியல் சத்தம்தான் வரும்.

மார்ச் 2

அடுத்த ஊர் பர்கோஸ் வரை தனியாகப் போய் வந்தேன். எதிரே லாரி வந்தால் காற்று அறைந்து வண்டி ஆடுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து விரல் மரத்துவிட்டது. பயமா? பயம்தான். வேறு யாரிடம் சொல்ல, இங்கே எழுதிவைக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் கூட்டம். அதற்குள் கிளாவெரியா போய் வராவிட்டால் ஊர் சிரிக்கும். தினோவும் சேர்ந்து சிரிப்பான். அதைத்தான் தாங்க முடியாது.

மார்ச் 7

போனியின் பெண்டாட்டி டோலி ரொட்டி வாங்க வந்தாள். வாங்கிய பிறகும் போகவில்லை. கடையில் ஆள் குறையும்வரை பிஸ்கோச்சோ ரஸ்க் பொட்டலங்களைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, அந்த ரொட்டிப் பெட்டியைக் கழட்டு. நான் உக்காரறேன்."

"உன் புருஷன்?"

"அவரு கிடக்காரு. நவநாள் ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிக்கறேன். எனக்கு ஒரு இடம் இருக்கு அக்கா, பாங்குயிப் பாலத்தைத் தாண்டின வளைவு. வருஷா வருஷம் 'கொஞ்சம் நிறுத்துங்க'ன்னு அவர் முதுகைத் தட்டறேன். அவரு தட்டினா இன்னும் வேகமாப் போறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இந்த வாரம் முழுக்க அப்படித்தான். பின் சீட்டுக்காரிகள் ஒவ்வொருத்தியும் ரொட்டி சாக்கில் வந்து தன் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆளுக்கொரு இடம். ஒருத்திக்கும் ஒரு தடவைகூட அங்கே இறங்கி நிற்க வாய்த்ததில்லை.

மார்ச் 15, சனி

போய் வந்துவிட்டேன்! கிளாவெரியாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்! முழங்கை சிராய்ப்பில் எழுதும்போது எரிகிறது. எரியட்டும்.

ஆண்கள் வழக்கப்படியே விடியுமுன் கிளம்பினோம். பாங்குயி வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் ரோடு கிழக்கே திரும்புகிறதா, வந்தது பார் சூரியன், நேராகக் கண்ணுக்குள். ரோடு தெரியவில்லை. கடல் ஒரே பளபளப்பு, பார்க்கவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. டோலி பின்னாலிருந்து "ஆஹா, ஓஹோ" என்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மலை வளைவில் சரளைக்கல் கிடந்ததைப் பார்க்காமல் ஏற்றி இரண்டு பேரும் விழுந்தோம். பெரிய அடியில்லை. டோலி முட்டியைத் தேய்த்துக்கொண்டு, "நவநாள்ல முட்டி போட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றாள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தோம். கொஞ்சம் அழுதோம்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இப்போது சூரியன் மேற்கே, மறுபடி நேராகக் கண்ணுக்குள்!

அங்கேதான் உறைத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த ரோட்டில் போகிறேன், ஒரு நாள்கூட எனக்குக் கண் கூசியதில்லையே, ஏன்? தினோவின் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது! அவன் முகத்தில் அடித்த வெயில் என் மேல் படவில்லை. நான் சொகுசாகக் கடலைப் பார்த்திருக்கிறேன். முட்டாள் ஜனங்கள்! காலையில் சூரியனைப் பார்த்துப் போகிறது, மாலையில் சூரியனைப் பார்த்து வருகிறது. இதற்குப் பேர் இயற்கைக் காட்சி பார்க்கப் போவதா?

மாற்றிப் போட்டால்? மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சூரியன் முதுகில். ராத்திரி கிளாவெரியாவில் தங்கி மறுநாள் காலை கிளம்பினால் மறுபடி முதுகில். திரும்பும்போது கடல் வலது கைப் பக்கம், வண்டி ஓடுவதும் ரோட்டின் வலது ஓரத்தில்தான், ரோட்டைக் கடக்காமல் எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்டலாம். கடவுளே, இவ்வளவுதானே விஷயம்!

மார்ச் 16

ஊருக்கே தெரிந்துவிட்டது. போனி டோலியிடம் கத்தியது நான்கு வீடு தள்ளிக் கேட்டதாம். அவள் பதிலுக்குக் கத்தியது ஏழு வீடு தள்ளிக் கேட்டதாம்.

தினோ என் ஸ்கூட்டரின் வளைந்த பிரேக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குக் கண்ணு எரியுமா, அந்த ரோட்டுல?"

"எரியும்."

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே?"

"எல்லாருக்கும்தான் எரியுது. யாரு முதல்ல சொல்லுவா?"

ஒவ்வொரு வருஷமும் சவாரி முடிந்து வந்தால் சிவந்த கண்ணோடு படுப்பான். நானும் ஈரத்துணி போட்டிருக்கிறேன். தூசி என்பான். நானும் நம்பியிருக்கிறேன். பாவி மனுஷன். என் மேல் வெயில் படாமல் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கே தெரியாமல். கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. கொஞ்சம்தான். சிரித்ததைச் சிரித்தான் அல்லவா.

மார்ச் 23, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கூட்டம். நான் எழுந்து நின்று பாதையைச் சொன்னேன். மதியம் கிளம்புவது, ராத்திரி தங்குவது, காலையில் கடலோரமாக நிறுத்தி நிறுத்தி வருவது. போனி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, அப்புறம் கிளம்பறதா? விடியறதுக்கு முன்னால கிளம்பறவன்தான் அக்கா ரைடர். இது குழந்தைகளைக் கூட்டிட்டுப் போற பிக்னிக்."

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போகும்போதும் வரும்போதும் கண்ணு எரியாதவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. ஒருத்தன் செருப்பைப் பார்க்கிறான், ஒருத்தன் கூரையைப் பார்க்கிறான்.

"அது தூசி அக்கா" என்றான் போனி.

"பாங்குயிக்கு அந்தப் பக்கம் மட்டும் தூசியா?"

போனி பல்லைக் காட்டினான். இதோடு போயிற்று, மறுபடி சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது தினோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தூசி இல்ல போனி. வெயிலு. எனக்குப் பாதி ரோடு தெரியாது. பின்னால இவ உக்காந்திருக்கா, நான் குத்துமதிப்பா ஓட்டறேன். ஒவ்வொரு வருஷமும் பயந்துகிட்டேதான் ஓட்டறேன்."

அவ்வளவுதான். மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. எனக்கும்தான், எனக்கும்தான் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்தன் போன வருஷம் எருமையை இடிக்கப் பார்த்தானாம். பெண்டாட்டியிடம் மறைத்துவிட்டானாம். அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

ஓட்டெடுப்பு. ஆண்கள் கை தூக்கினார்கள். கதவருகே நின்ற பெண்களும் தூக்கினார்கள். போனி வாயைத் திறந்தான். டோலி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கடைசியில் அவன் கையும் எழுந்தது, தோள் உயரம் வரைக்கும்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன்.

ஏப்ரல் 25

நாளைக்கு. டயரை மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டேன். மழை வந்தால்? மறுபடி விழுந்தால்? பாலத்தில் எல்லார் முன்னாலும் வண்டி நின்றுபோனால்?

தினோ ரொட்டிப் பெட்டியைக் கழற்றி, பட்டறையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 26, சனி. கிளாவெரியா

தட்டிக்கொண்டிருந்தது ஒரு தகடு. வண்டியின் முன்னால் மாட்டியிருக்கிறான், பெரிய சிவப்பு எழுத்தில் 'முன்னோடி' என்று. எழுத்து கோணல். துணி எடுத்து அதை இரண்டு தடவை துடைத்தேன்.

மதியம் வயிறு நிறையப் பக்நெட் பன்றி வறுவலும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பின்னால் அத்தனை பெரிய வண்டிகளும் என் ஸ்கூட்டர் வேகத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. "ரொட்டி ஆறிடும், மெதுவாவே போ" என்று எவனோ கத்தினான். பாங்குயி தாண்டி ரோடு கிழக்கே திரும்பியதும் கத்தல் நின்றுவிட்டது. வெயில் முதுகில். ரோடு கழுவி விட்ட மாதிரி தெளிவு. வளைவு வளைவாக இறங்கினேன், ஒரு இடத்தில்கூடக் கால் ஊன்றவில்லை. நான் விழுந்த அந்த வளைவில் ஹாரன் அடித்தேன். பின்னால் வந்த அத்தனை பேரும் அடித்தார்கள், ஏன் என்று தெரியாமலே.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. எல்லாரும் பத்திரம்.

காலையில் டோலியின் வளைவில் நிறுத்தினேன். வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் தண்ணீருக்குள்ளே பாறைகள்வரை தெரிந்தது. இடுப்பளவு நீரில் பெண்கள் பாசி பறித்துக்கொண்டிருந்தார்கள். போனி ஹெல்மெட்டைக் கழற்றினான். ரோட்டு விளிம்பு வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்த்தான்.

"இது எங்கடி இருந்துச்சு இத்தனை நாளா?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

"இங்கதான் இருந்துச்சு. நீங்கதான் பெட்ரோல் பங்க்கைத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

அவனே முதலில் சிரித்தான். அப்புறம் என்னிடம் வந்து கை கொடுத்தான், கையுறையைக் கழற்றிவிட்டு.

இன்று ஒருத்தருக்கும் கண் சிவக்கவில்லை. ஈரத்துணி வேண்டாம் என்று தினோ சொன்னான்.

ஏப்ரல் 28

உடம்பெல்லாம் வலி. கடையில் நூறு தடவை கதை சொல்லிவிட்டேன். நூற்றியோராவது தடவையும் சொல்வேன்.

மே 18, ஞாயிறு

மழைக்காலம் வருமுன் தெற்கே இன்னொரு சவாரி வேண்டும், நீயே பாதை போடு என்று கிளப்பில் கேட்டிருக்கிறார்கள். இன்று குரிமாவோ பக்கம் பார்த்து வரக் கிளம்பினேன். தினோ தன் வண்டியை எடுக்கவில்லை. என் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வெயிலுக்குத் தொப்பி வேண்டுமா என்றேன். வேண்டாம், நீதான் முன்னால் இருக்கிறாயே என்றான்.

புது ரோடு, நிறையப் பள்ளம். பாதி வழி போன பிறகுதான் கவனித்தேன், நான் கடலைப் பார்க்கவே இல்லை. முன்னால் உட்கார்ந்தால் ரோட்டைத்தான் பார்க்க முடிகிறது.

"என்ன தெரியுது, சொல்லு" என்றேன்.

"தண்ணி."

"யோவ், ஒழுங்காச் சொல்லு."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "கரையோரம் பச்சையா இருக்கு. தள்ளிப் போனா நீலம். ஒரு படகு இருக்கு. அதுல ஒருத்தன் எழுந்து நின்னு நமக்குக் கையாட்டறான்."

"நீயும் ஆட்டு."

"ஆட்டிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.