வானத்துக் கல்லும் நம்ம லயத்துக் கல்லும்

கொழும்பு, 12.10.2003

கெழவி நாகலெட்சுமிக்கு,
சொகமா இருக்கியா? மூட்டு வலி கொறைஞ்சிச்சா? வாயி கொறைஞ்சிருக்காது. நான் சொகந்தான்.

நான் வாச்சர் வேல பாக்குற மண்டபத்துல நேத்து ஒரு கூட்டம். வானத்துலேருந்து பெரிய கல்லு விழுந்தா ஊரே அழிஞ்சிருமாம். அத வெள்ளக்காரங்க கொழாய் வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காங்களாம். கேள்வி கேக்கச் சொன்னாங்க. நான் காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல நிக்கிற மாதிரி தலத்துண்ட கக்கத்துல வச்சுக்கிட்டு, லயத்து நம்பரும் சொல்லி, "ஐயா, தேயிலத் தோட்டத்துல நாங்க குடியிருக்குற லயத்துக்கு மேல, மலையில ஒரு கல்லு வெடிச்சு நிக்குது, அதையும் எழுதிக்குங்க"ன்னேன்.

"பெரியவரே, நாங்க வானத்துக் கல்லத்தான் பாக்குறது"ன்னாரு பேச வந்தவரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அந்தக் கல்லப் பத்தி தோட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இனிமே சொல்ல ஆளில்ல புள்ள. எனக்கு லீவும் இல்ல. மழ புடிச்சா ஆட்ட அவுத்துக்கிட்டு கோயிலுக்குப் போயிரு. பான சட்டி கெடக்கட்டும். இந்தக் கடுதாசி வர்றதுக்குள்ள மழ வந்துருமோன்னுதான் பயமா இருக்கு.

இராமையா