மூலைக் கொம்பியூட்டரின் மணிக்கூடு

வெள்ளிக்கிழமை, ராத்திரி

சின்னு, உன் வேலைக்கு வந்த புது ஐயாவை, அந்தச் சேரை, இன்னைக்கு அடிச்சிட்டேன்டா.

நான் கூட்டித் துடைக்கிற அந்த ஆபீசுல, மூலைக் கொம்பியூட்டரைப் போட்டா "அம்மா, டீ குடிச்சியா?"ன்னு நீ எழுதி வச்சது இன்னும் திரையில வருது. எல்லாத்துலயும் கம்பெனிப் படம்தான் வரணும்னு அந்தச் சேர் பெரிய மெசின்ல இருந்து எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொலிசின்னு ஒரு கட்டளை அனுப்பினாராம். மத்ததெல்லாம் மாறிடுச்சு. இது மட்டும் கேக்கல. காலையில இருந்து பார்த்துட்டு, கடைசியில அதை ஓங்கிக் குத்தினார். "செத்தவன்ர வேலை, சாகாமல் நிக்குது" என்றார்.

டைப் அடிக்கிற பஸ்லியா வந்து பார்த்தா. "சேர், இதுட மணிக்கூடு, தேதியெல்லாம் பழைய வருசத்துல நிக்கிது. அதான் புதுப் பொலிசி ஏறல்ல."

நீ உசுரோட இருந்த வருசம் அது.

"ஓ, அதைத் திருத்தினால் சரி"ன்னு அவர் கையை வச்சார். தரை துடைக்கிற மொப்புத் தடியால அந்தக் கையிலயே போட்டேன். விரல் முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. தோள்ல போட்டேன், தலையில போட்டேன். ரத்தத்தைப் பார்த்தும் நிறுத்த மனசு வரல. "அன்ட்டி, உடுங்க, செத்துருவாரு!"ன்னு பஸ்லியாதான் இழுத்தா.

வேலை போச்சு. நாளைக்குப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அது கெடக்கு. நான் வந்த பிறகு மணிக்கூட்டைத் திருத்தியிருப்பாங்க.

அந்தப் பழைய வருசத்துக்குள்ள நீ இன்னும், பைக்கோட விழுந்த அந்த அம்பிட்டிய ரோட்டு வளைவுக்குப் போகலயேடா. பைக்கை எடுக்காதன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா, சின்னு?