உன் முறைக்கு அப்பா வாசித்தார்

என் ராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன்னையும் ஆண்டவர் அப்படியே வைத்திருக்கட்டும். நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை, அப்பா இல்லாத வீட்டில் அது பொய்யாகிவிடும்.

போனில் பேசினால் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று பயந்து, அக்காவோடு வேலை பார்க்கும், நீ இருக்கிற ஊருக்கு வருகிற நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு. அடக்கம் நல்லபடியாக முடிந்தது. அப்பா குழாய் வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், ஊர்க் குழாயையெல்லாம் சரிபண்ணியவர் நம் சமையலறைக் குழாயை ஒழுகவிட்டுப் போய்விட்டாரே என்று அக்கா சிரித்தாள், அப்புறம் என் மடியில் விழுந்து அழுதாள். உன் பங்குக்கும் அவளே மண் போட்டாள். தொழிற்சாலையில் செத்தவர்களுக்காக முதலாளிக்கு எதிராக நீ சாட்சி சொன்ன நாளிலிருந்து நம் தெருவில் நிற்கிற அந்த இரண்டு பேரும் கல்லறை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஆண்பிள்ளை முகமாகப் பார்த்தார்கள். உன்னைத்தான் தேடினார்கள் ராசா.

அதனால்தான் இங்கே வர நீ டிக்கெட் வாங்கிவிட்டதாக ஆள் மூலம் சொல்லியனுப்பியதை அக்கா சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மாலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போமே, நீ வெளிநாட்டுக்குத் தப்பிப் போன பிறகும் உன் முறையை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது அவனோடது, வந்து வாசிப்பான்" என்பார், அதை வாசிக்காமல் விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவோம். அவர் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், நாடு கடத்தப்பட்ட ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி சொல்லியனுப்பிய பகுதி வந்தது. போன இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ள, தோட்டம் போட்டுக்கொள்ளச் சொல்கிற இடம் உன் முறைக்கு விழுந்தது. நாங்கள் வழக்கம்போல அதைத் தாண்டிப் போகப் பார்த்தோம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை அவரே வாசித்தார். முடித்துவிட்டு, "அவன் வர வேண்டாம்டி, அங்கேயே நல்லா இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஜெபம் பண்ணுவதையே விட்டுவிட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினாயாமே. எனக்குக் கோபமில்லை. அந்த ஜனங்களும் அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து எங்களால் பாட முடியாது என்றுதான் அழுதார்கள், அந்த அழுகையையே வேதத்தில் பாட்டாக வைத்திருக்கிறார்கள். வார்த்தை வராவிட்டால் அழு, சண்டை போடு, ஆனால் அவரிடமே போடு. இன்றைக்கோ நாளைக்கோ கிளம்புகிறவன் மாதிரி பெட்டியைக் கட்டியபடியே வைத்திருக்காமல் பிரித்து அடுக்கு, தரையில் படுக்காதே, ஒரு கட்டில் வாங்கு. உன்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு நம் பேச்சு தெரியாவிட்டால் என்ன, மனசுக்குப் பிடித்திருந்தால் கட்டிக்கொள். உன்னைத் தங்கவைத்திருக்கிற ஊருக்காகவும் வேண்டிக்கொள், நானும் தினம் வேண்டிக்கொள்கிறேன், அதன் பேரைச் சரியாகச் சொல்ல வராவிட்டாலும் அவருக்குப் புரியும்.

பெற்றவள் யாராவது பிள்ளையை வராதே என்பாளா? வயிறு எரிய நான் சொல்கிறேன். டிக்கெட்டை உடனே ரத்து செய், மறக்காதே, ரத்து செய்ததைத் திரும்பி வருகிற நர்ஸிடம் சொல்லியனுப்பு. நாளைக்கு என்னைப் பற்றியும் இதே சேதி உனக்கு வரும். அப்போதும் வராதே. அன்றைக்குச் சொல்ல நான் இருக்க மாட்டேன், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

எங்கேயாவது நீ உயிரோடு இருந்தால் போதும் என்றிருக்கும்,
உன் அம்மா