அலுமாரிக்குக் கீழே விழுந்த தாயம்

என் அன்பான அக்கா,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. மூன்று ஞாயிறாக உங்கள் விளையாட்டுக் கட்டை ஒன்று என்றே காட்டுகிறது. நீங்கள்தானா?

பேய், பிசாசு என்று யாராவது கதைத்தால் முதலில் நக்கலடிக்கிறவள் நான். இப்போது பகலில்கூட உங்கள் வீட்டுக்குள் தனியே நுழையப் பயமாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிறே அத்தான் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். "அவ துவங்கின விளையாட்டு. நடுவில விடக்கூடாது" என்றார். உங்கள் சிநேகிதி பர்ஹானா வழமைபோலக் கிண்ணியாவிலிருந்து பாலத்தால் ஸ்கூட்டியில் வந்து விளையாட்டின் கதையை நடத்தினாள். நானும் அத்தானும் அவரவர் பாத்திரமாகக் கதைத்தோம். இருபது பக்கக் கட்டையை உருட்டி, நினைத்தது நடக்குமா என்று பார்த்தோம். உங்கள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை.

உலகமெல்லாம் இந்த விளையாட்டில் இருபது விழுந்தால் யோகம், ஒன்று விழுந்தால் நாசம். நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு ஒண்டெண்டால் தாயம். தாயம் விழுந்தாத்தானே காய் உள்ள வரும்?" என்று சண்டை பிடித்து விதியையே மாற்றினீர்கள். செத்த பாத்திரமும் தாயம் விழுந்தால் திரும்பி வரலாம் என்று வைத்ததும் நீங்கள்தான். அப்போது அது வெறும் பகிடி.

கதையில் நீங்கள் பாதைக்காரி. பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய அந்தப் பாதைப் படகை ஓட்டுகிறவள். காய்ச்சல் உங்களைக் கொண்டு போனதும் பர்ஹானா அவளையும் கதையில் சாகவிட்டாள். அத்தான் விடவில்லை. ஞாயிறு தவறாமல் அவளுக்காக உங்கள் நீலக் கட்டையை உருட்டினார். நாலு, பதினொன்று, பதினாறு என்று என்னவெல்லாமோ விழுந்தது. பிறகு ஒரு ஞாயிறு தாயம் விழுந்தது.

அடுத்த ஞாயிறு அவர் பர்ஹானாவின் கதைக்குக் காத்திருக்கவில்லை. கட்டையோடேயே கதைத்தார். தாயம் விழுந்தால் ஓம், வேறெது விழுந்தாலும் இல்லை. "சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டு உருட்டினார். ஒன்று.

"வதனி, இத நிப்பாட்டோணும். இது இப்ப விளையாட்டில்ல" என்று பர்ஹானா குசினிக்குள் வைத்துச் சொன்னாள். அத்தான் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சாப்பாடும் பேருக்குத்தான்.

போன ஞாயிறு மத்தியானம் காற்றே இல்லை. ஊர் ரோட்டில் திரிகிற மான்கள் கேற்றடியில் மேய்வதை விட்டுவிட்டு வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. அத்தான் கட்டையைக் கையில் பொத்திக்கொண்டு, "நானும் பாதையில ஏறட்டோ?" என்று கேட்டார். விளையாட்டில் கேட்கிற குரல் இல்லை அது.

உருட்டின கட்டை மேசையால் விழுந்து அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. நிலத்தில் விழுந்ததைத் திரும்ப உருட்டக் கூடாது என்பதும் உங்கள் விதிதானே? நான் சீமெந்தில் குப்புறப் படுத்துப் பார்த்தேன்.

உள்ளே நாலு மாதத் தூசி. அதில் கட்டை உருண்டு போன தடம் இல்லை அக்கா. யாரோ கையால் வைத்தது போல நடுவில் இருந்தது.

ஒன்று.

"என்ன விழுந்தது?"

"பதினேழு."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அத்தான். பதினேழு."

சொல்லும்போதே கட்டையைக் கைக்குள் பொத்திவிட்டேன். அவர் உங்கள் வெறும் கதிரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப அவ வர வேண்டாமெண்டிறா" என்று சொல்லி, செத்தவீட்டில்கூட அழாத மனிசன் ஏங்கி ஏங்கி அழுதார். அழுது முடிந்ததும் சோறு இருக்கிறதா என்று கேட்டார். திங்கட்கிழமை வேலைக்கும் போனார்.

அவரைக் கூப்பிட்டது நீங்களா? தனியே இருக்க ஏலாமல் கேட்டீர்களா? அப்படியென்றால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. உங்கள் குரலை நானே மறைத்தேனே என்று நித்திரை வருவதில்லை. ஆனாலும் செய்தது பிழையென்று சொல்ல மாட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. அவர் திரும்பவும் கேட்கக்கூடும். எத்தனை தரம் கேட்டாலும் கட்டையை நான்தான் பார்ப்பேன், எண்ணை நான்தான் சொல்வேன். நீங்கள் எத்தனை தாயம் போட்டாலும் அவர் காதில் ஒன்றுகூட விழாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
அத்தானைத் தரமாட்டாத
உங்கள் தங்கச்சி வதனி