ஓம் என்றால் ஓடர் உறுதி

09.02 திங்கள்

காலையில் நல்ல பனி. இடித்த மா காயவில்லை. திரும்பவும் பாயில் பரப்பல்.

போனில் தானாகப் பதில் போகும் வசதி பூட்டி இன்று நான்காம் நாள். வீடியோ பார்த்து நானே பொருத்திப் பூட்டியது. பலகாரம் கேட்பவர்களுக்கு விலைப்பட்டியல் போகும். பின்னால், 'சம்மதம் என்றால் ஓம் என்று எழுதுங்கோ'. ஓம் வந்தால் ஓடர் உறுதி. இவரின் போனுக்கும் விபரம் போகும். பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட வேண்டியதுதான்.

வவுனியாவில் இருந்து தங்கச்சி: "அக்கா, ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் அடிக்கச் சொல்லு. அது பிழைக்காது." எங்கள் சனம் இலக்கம் அடிக்குமோ? ஓம் என்றுதான் சொல்லும்.

இன்று சோமவாரம். பஜனைக்கு வரும் அக்கா ஒருவர் "ஓம் நமசிவாய, காலை வணக்கம்" அனுப்ப, இது "மிக்க சந்தோசம்! உங்கள் ஓடர் உறுதி" என்றிருக்கிறது.

இவர்: "இஞ்சரும், சிவபெருமான் எத்தினை கிலோ கேட்டவர்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு வைத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு விலக்குப் பட்டியல்: ஓம் நமசிவாய, ஓம் முருகா, ஓம் சக்தி, ஓம் சரவணபவ... மொத்தம் 11. இவை வந்தால் போன் பேசாமல் இருக்கும்.

10.02 செவ்வாய்

ஓடர் – மிளகாய்த்தூள் 3 கிலோ, வறுத்த மா 5 கிலோ.

பள்ளிக்கூடத்துச் சரோ ரீச்சர் பயத்தம் பணியாரம் 150 கேட்டிருக்கிறா, கனடாவில் மகனுக்கு. என் முதல் வாடிக்கை. அவ நல்லது என்று சொன்னால் எங்கள் மல்லாவி முழுக்க வாங்கும். ஓம் இன்னும் வரவில்லை. பெட்டி கட்டி வைத்தாயிற்று.

11.02 புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

9.30. மில்லில் மிளகாய் அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். போனைப் பார்த்தால் ரீச்சரின் இலக்கத்தில் இருந்து, 8.50க்கு: "ஓம் சாந்தி. எங்கள் அப்பா இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்தார்." ரீச்சரின் மனுசன். தாயின் போனில் இருந்து மகள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறா.

கீழே, என் பெயரில், அதே நிமிடம்: "மிக்க சந்தோசம்! உங்கள் ஓடர் உறுதி. இனிப்போடு இன்றே வருகிறோம்."

இரண்டு நீலச் சரி அடையாளம். வாசித்துவிட்டார்கள்.

சுவாமி பெயர் பதினொன்றும் போட்டேனே. சாந்தி சுவாமி பெயர் இல்லை. நினைவில் வரவேயில்லை.

இவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஏழு தரம். ஓட்டத்தில் எடுக்கமாட்டார். செத்த வீட்டுக்குள் பணியாரப் பெட்டியோடு... முருகா.

"அக்கா, தூள் ஆறட்டோ, இப்பவே கட்டட்டோ?" மில்காரர். என்ன சொன்னேனோ தெரியாது.

10.05. அவரே திரும்ப அடித்தார். "ஒழுங்கை முகப்பில செத்தவீட்டு வெள்ளைக்கொடி. திரும்பிட்டன்."

"ஆரும் கண்டதோ?"

"பெட்டியைக் கண்ட சனம் இருக்கு."

அந்தப் பதிலை அழித்தால் அழித்தது என்று அது வேறு காட்டும். விட்டேன்.

12.02 வியாழன்

செத்த வீடு. போகவேண்டாம் என்றார் இவர். போனேன்.

வாசலில் மகள்: "பணியார அன்ரியோ? உங்களுக்கு மிக்க சந்தோசமாம். வாசிச்சனாங்கள்."

சனம் திரும்பிப் பார்த்தது. "அது மெசின், பிள்ளை. தானாப் போனது."

"மெசினுக்குச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

நான்தானே.

ரீச்சர் தலைமாட்டில். என்னைப் பார்த்தா. சனத்தோடு சேர்ந்து அழுதேன். துக்கமோ வெட்கமோ, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தானாகப் போகும் பதிலை நிற்பாட்டினேன். முழுவதும்.

13.02 வெள்ளி

கோயில். அர்ச்சனை, ரீச்சரின் வீட்டாருக்கு. வெய்யில் கடுமை.

ஓடர் வேண்டாம் என்றவர்கள்: 2. காரணம் சொல்லவில்லை.

பஸ் தரிப்பில் இரண்டு பெண்கள், நான் நிற்பது தெரியாமல்:

"அவவிட்டக் கேட்டால் செத்ததுக்கும் சந்தோசம் எண்டுதான் பதில் வருமாம்."

"பாத்து அனுப்படி. பிறகு உனக்கும் ஓடர் உறுதி."

பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே வந்தேன்.

16.02 திங்கள்

நேற்றுச் சிவராத்திரி. விரதம் முடித்தும் தலை பாரம். உழுந்து முடிகிறது, வாங்கவேண்டும்.

2.10. ரீச்சர்: "பிள்ளை, புதன்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவு. இவருக்குப் படைக்க உன்ர பணியாரம் வேணும், அவருக்கு விருப்பம். வடையும் சுட்டுக்கொண்டு வா. பதிலை நீயே எழுது. மெசினை விடாதை."

மூன்று தரம் வாசித்தேன். கையில் மா. கழுவிவிட்டு வந்து இருந்தேன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று தொடங்கினேன். அழித்தேன். நடந்ததை எல்லாம் நீளமாக எழுதினேன். அதுவும் சரியில்லை. அழித்தேன். திரும்ப எழுதினேன்.

2.40. ரீச்சரே: "எழுதுது, எழுதுது எண்டு அரைமணித்தியாலமாய்க் காட்டுது. நீதான் எண்டு தெரியுது. எழுதினது காணும் பிள்ளை, அனுப்பு."

"வாறன் ரீச்சர். புதன் விடியவே வாறன்."