முதல் பக்கத்துப் பென்சில் எழுத்து

அன்புள்ள கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டுக்குப் போகும்போது நீ விட்டுச்சென்ற நாவல்களை எல்லாம் படித்துவிட்டேன். விண்வெளிக் கதை சுத்த ரீல். நூறு வருஷம் ஓடும் கப்பலில் ஒரு மெக்கானிக்கூட இல்லை. இங்கே நான் ஒருநாள் லீவு போட்டால் லிஃப்ட் நின்றுவிடுகிறது. அதில் ஒருவன் மனைவியைத் தேடிக் கிரகம் கிரகமாக அலைகிறான். உன் அக்கா வீடு இரண்டு பஸ் ஸ்டாப்தான், தெரியும். அந்தப் பேச்சை விடு.

துப்பறியும் கதை என்றால், கொலைகாரன் யாரென்று முதல் பக்கத்திலேயே பென்சிலில் எழுதிவிடுவாய். "படிக்கிறவன் வயித்தெரிச்சலக் கொட்டிக்காதடி!" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்.

நேற்று நானே ஒன்று வாங்கினேன். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்குமேல் புரட்டக் கை வரவில்லை.

புத்தகம் டீவி மேல் இருக்கிறது. பக்கத்திலேயே பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட்காரன்