கீசருக்கு முறுக்கு வேண்டாம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் அத்தையின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன?

போன வாரம் என் விடுதி அறையில் கெட்டிலைப் போட்டதும் சுவிட்ச் பலகை லேசாகப் புகைந்தது. பயப்படாதீர்கள், உடனே மெயினை அணைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார். வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தது, அச்சு அசல் உங்கள் கைவேலை! சிரித்துவிட்டேன்.

"கருகிப் போயிருக்கு, சிரிக்கிறீங்களே!"

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க சுத்துவாரு."

"அப்போ முதல்ல அவருக்குச் சொல்லுங்க."

போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அத்தையின் குளியலறைக் கீசருக்கு நீங்களே வயர் இழுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அங்கே முறுக்காதீர்கள். கீசரின் ஆம்பியரைத் தாங்கும் என்று மேலேயே அச்சிட்ட, வயர்களை இணைக்கும் நல்ல கனெக்டராக வாங்குங்கள். நம் வயர் பல இழை வயர். அதற்குச் சின்னக் கைப்பிடியை மடக்கி மூடும் வகைதான் சரி. வெறுமனே செருகும் வகையில் நிற்காது. மாட்டியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

"எனக்குத் தெரியாதா?" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், டார்ச் பிடிக்கப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள். என்னளவுக்குக் கை ஆடாமல் பிடிப்பாரா, தெரியவில்லை. ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

அவசரத்தில்,
உங்கள் வீட்டுக்காரி